இரண்டாம் சரணம்

"உபதேசியாரய்யா, அந்த ரெண்டாம் சரணத்தை இந்த வருஷம் மாத்திருவோம்," என்றாள் சற்குணம்.

கிறிஸ்மசுக்கு இன்னும் நாலே நாள். முப்பது வருஷமாகக் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். கிறிஸ்மஸ் குடிலில் படுக்கும் தேவ பாலகனுக்கு வெல்வெட் மெத்தை தைத்தாயிற்று. பழைய கீர்த்தனையோ, 'தீனித் தொட்டியிலே தேவன் துயின்றாரே' என்கிறது. பட்டு மெத்தை என்று பாடினால் கேட்க மரியாதையாக இருக்கும் என்பது அவள் கட்சி.

சபைக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேதமுத்து, தம் வீட்டுத் தொட்டியில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். அவர் பாடினால் சுருதி வேலி தாண்டி ஓடும் என்று பாட்டுக் குழுவில் சிரிப்பார்கள். ஆனால் பாட்டின் பொருளுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

"மாத்தலாம். முதல்ல அந்த மாட்டை அவிழ்த்து விடுங்க."

மாட்டுக்கு முழங்கால்வரை வயல் சேறு. மூஞ்சியெல்லாம் சேறு. சற்குணம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"இந்தக் கோலத்தோடயா தொட்டியில வாய் வைக்கும்?"

"பசிக்கு வருது, பாட்டுக்காரம்மா. அழகு காட்டவா வருது?"

கயிற்றை விட்டாள். மாடு தலையைத் தொட்டிக்குள் புதைத்துக்கொண்டது.

"தீனித் தொட்டியில என்ன இருக்கும்?" என்றார்.

"தீனி."

"தேவன் பிறந்த அன்னைக்கு அதுல யாரு இருந்தா?"

சற்குணம் குனிந்து தொட்டியைப் பார்த்தாள். முப்பது வருஷம் பாடிய வரி, இப்போதுதான் யாரோ காதில் சொன்னது போலிருந்தது.

அவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க திருவிருந்துல அப்பம் வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள். கூடப் பிறந்த தங்கச்சியோடு பேசாமலே இருந்து, அவள் கண்ணை மூடிய பிறகு போய் விழுந்து அழுதாளே, அன்று முதல், தேவனின் சரீரமென்று கொடுக்கும் அந்த அப்பத்துக்கு அவள் கை நீட்டவில்லை. சபை அப்பம் வாங்க எழுந்து போகும்போதெல்லாம் இவள் பாட்டை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மூன்று வருஷம்.

"என் கை சுத்தமில்லைய்யா."

உபதேசியார் மாட்டைப் பார்த்தார். அது தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

சற்குணம் வீடுவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழிநெடுக அந்த ஒரு வரியைத்தான் பாடினாள். பஸ்சுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கிறிஸ்மஸ் காலை. பாதிரி ஐயர் அப்பத்தைப் பிட்டார். சபை எழுந்தது. சற்குணம் பாட்டை எடுத்தாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

'தீனித் தொட்டியிலே...'

பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் குழு திகைத்து நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மிச்ச வரியைப் பிடித்துக்கொண்டது. கேட்டதுமே தெரிந்தது யாரென்று. சுருதி வேலி தாண்டி ஓடியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பீடத்தின் முன் முழங்காலிட்டு, கையை நீட்டினாள்.