புலத்தை எடுத்த பிறகு

“காந்தப்புலத்தை எடுத்துட்டேன் மேடம். ஆனாலும் சாம்பிள் பழைய நிலைக்குத் திரும்ப மாட்டேங்குது.”

பால்துரைக்கு ஐம்பது வயது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட இளையவர். மாணவரை ‘சார்’ என்று கூப்பிடும் ஆசிரியை அந்தத் துறையில் இவர் ஒருவர்தான்.

கருவிக்குள் இருந்தது மாங்கனீசு ஆக்சைடு, கறுப்பாக ஒரு துணுக்கு. கடுங்குளிரில் அதன் அணுக்காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று, காந்தமே இல்லாததுபோல் கிடக்கும். வெளியிலிருந்து பலமான புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். பால்துரை சாய்த்துவிட்டார். புலத்தை எடுத்தும் அது நிமிரவில்லை.

இரண்டாம் அளவீடு முதல் அளவீட்டோடு ஒட்டவில்லை. கருவி பழுது என்றார், சாம்பிள் மட்டம் என்றார். பொறுமை கெட்டு எதிர்த்திசையிலும் புலம் கொடுத்துப் பார்த்தார். அது அந்தப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டது.

“எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளுறதுதானே சார்.”

பால்துரைக்குச் சுருக்கென்றது. மகள் கதையை அவரே டீ குடிக்கும்போது மேடத்திடம் சொல்லியிருந்தார். எஸ்தர் ஒருவனை விரும்பினாள். இவர் பட்டினி கிடந்து, பைபிள்மேல் சத்தியம் வாங்கி, அவனை விடவைத்தார். அவள் சிரிப்பு நின்றுபோனதும் பயந்து, அவனையே கட்டிக்கொள் என்று தினமும் கெஞ்ச ஆரம்பித்தார். முன்பும் ‘சரிப்பா’ என்றாள். இப்போதும் அதே குரலில் ‘சரிப்பா’ என்கிறாள்.

“இப்ப என்ன பண்றது மேடம்?”

“புலமே இல்லாம வைங்க. குளிர் தானா விலகட்டும். நீங்க சும்மா இருங்க.”

சும்மா இருப்பதுதான் அவருக்கு வராது. கை இரண்டு தரம் கருவிப் பக்கம் போனது. மெஹருன்னிசா அவருடைய நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் போட்டார்.

வீட்டிலிருந்து போன் வந்தது. எஸ்தர் இன்றும் சாப்பிடவில்லை என்றாள் மனைவி. அவளிடம் போனைக் கொடு என்பதுதான் வழக்கம்.

“வற்புறுத்தாத. தட்டை மூடி வை,” என்றார்.

போனைச் சட்டைப்பையில் வைத்தார். திரையில் வெப்பநிலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“பழையபடி ஆயிருமா மேடம்?”

மெஹருன்னிசா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாம்பிள் ஆயிரும் சார்.”