ஆறு பெட்டிகளில் ஒன்று

திருப்பூரில் சென்னியப்பன் என்று ஒரு டையிங் மாஸ்டர் இருந்தார். முப்பத்தாறு வருடம் துணிக்குச் சாயம் போட்டவர். இரண்டு துண்டுத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது காலையில் சாயம் ஏறியது, இது மத்தியானம் ஏறியது என்று சொல்லிவிடுவார். பிறகு மெஷினில் வைத்துப் பார்த்தாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். தன் கண்ணைப் பற்றி அவருக்குக் கர்வம் இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

ஓய்வு பெற்ற மாதம், நாகோயாவில் குடியிருந்த மகள் ஒரு பார்சல் அனுப்பினாள். பிரித்தால் உள்ளே ஒரு ஜப்பான் ரயில். தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். ஒரு பெட்டி ஒரு சாணைவிடக் குறைவு. ஜன்னல்கள் இருந்தன, இருக்கைகள் இருந்தன, ஓட்டுநர் அறையில் ஒரு சின்ன விசிறிகூட இருந்தது. அன்றைக்குப் பகல் முழுவதும் அவர் சாப்பாட்டு மேசையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு வருடத்தில் ஒன்று ஏழாயிற்று. பிறகு ஓட்டுவது மட்டும் போதவில்லை. நிறத்தைச் சுரண்டிவிட்டுத் தானே பூச ஆரம்பித்தார். கூரைக்கு மழைக்கறை வைத்தார். உள்ளே அரிசி அளவுப் பயணிகளை ஒட்டினார்.

ஒரு நாள் ஒரு இஞ்சின் நின்றுபோனது. கோயமுத்தூரில் இதே பைத்தியம் பிடித்த ஒருவர், போத்தனூரில் அபூதாகிர் என்று மோட்டார் காயில் கட்டுகிறவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோங்கள் என்றார்.

பட்டறையில் மிக்ஸிகளும் தண்ணீர் மோட்டார்களும் குவிந்து கிடந்தன. அபூதாகிருக்கு முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். மொச்சைக்கொட்டை அளவு மோட்டாரைக் கழற்றி, முடியைவிட மெல்லிய கம்பியைப் புதிதாகச் சுற்றி, பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். ஆனால் சென்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே சுவரைச் சுற்றிப் பலகை அடித்து, அதன்மேல் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஜப்பான் சரக்கு ரயில். அதன் பாரம் அவருக்குத் தெரிந்தது. நாற்பது கிராம் பிளாஸ்டிக், நாற்பது டன் இரும்பாகப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்.

"வயசுல நான் ரொம்பச் சின்னவனுங்க," என்றார் அபூதாகிர்.

அது கண்ணிருக்கிற எவனுக்கும் தெரியும், அதனால் என்ன என்றார் சென்னியப்பன். அன்றிலிருந்து அவர் அபூதாகிரை பாய் என்று கூப்பிட்டார். அபூதாகிர் அவரைத் திருப்பூர்க்காரர்கள் கூப்பிடுவது போலவே மாஸ்டர் என்றார். கேட்கிறவர்களுக்கு யார் குரு யார் சீடர் என்று குழப்பமாக இருக்கும்.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னியப்பன் வாரம் ஒரு பெட்டியைப் பூசி எடுத்துக்கொண்டு பாசஞ்சரில் போத்தனூர் வருவார். அபூதாகிர் அதைப் பலகைமேல் ஏற்றி நாலைந்து சுற்று ஓடவிடுவார்; சென்னியப்பன் பக்கத்தில் நின்று பார்ப்பார். பிறகு நிறுத்தி, "ஆச்சுங்க," என்பார். அல்லது, "ஆகலீங்க மாஸ்டர்," என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

ஆகவில்லை என்று சொன்ன முதல் நாள் சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. துணி வாங்குகிற எந்த நாட்டு பையரும் தன் ஷேடைத் திருப்பி அனுப்பியதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே, கை வலித்தபோது அவசரமாக அடித்த ஒரு பூச்சு. அதை அவர் அடிக்கும்போதே அறிந்திருந்தார். பிறகு மறந்துபோயிருந்தார்.

மூன்று வருடத்தில் அபூதாகிர் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"என் கண்ண மிஞ்சின கண்ணு ஒண்ணு போத்தனூர்ல இருக்குது," என்று சென்னியப்பன் தன் மனைவி பழனாத்தாளிடம் சொன்னார். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் இன்னொருவரைப் பற்றி இப்படிச் சொல்லிப் பழனாத்தாள் கேட்டதில்லை.

நாலாவது வருடம் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் குட்டி ரயில்காரர்கள் எல்லாரும் கூடுவது என்று முடிவாயிற்று. சென்னியப்பன் அதற்காக ஆறு பெட்டி டீசல் ரயில் ஒன்றை ஒரு வருடம் பூசியிருந்தார். இளமஞ்சள் உடம்பு, ஜன்னலைச் சுற்றிச் செந்தூரப் பட்டை. ஆறும் ஒன்றொன்றாகப் போத்தனூர் போய், ஆறுக்கும் ஆச்சுங்க என்று வாங்கிக்கொண்டு வந்தவை.

இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு நீண்ட பாலம் போட்டார்கள். பாலத்தில் ஒற்றைப் பாதை. ஒரு பக்கமிருந்து சென்னியப்பனின் ரயில் வரும், மறுபக்கமிருந்து அபூதாகிரின் சரக்கு ரயில் வரும். ஒன்று போகும்போது மற்றது சிக்னலில் நிற்க வேண்டும். பாலத்துக்கு அடியில் வெறும் மொசைக் தரை.

அந்த சிக்னல், குருவுக்குச் சென்னியப்பன் கொடுத்த பரிசு. இரண்டு மாதம் உட்கார்ந்து தானே செய்தது. வழக்கமான சிக்னலில் பச்சைக்கு ஒரு கண், சிவப்புக்கு ஒரு கண் இருக்கும். இதில் ஒரே கண். தீக்குச்சித் தலை அளவு. அதிலேயே சிவப்பும் வரும் பச்சையும் வரும்.

அபூதாகிர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். மேலே ஒரு கண், கீழே ஒரு கண் என்று இல்லையா என்று கேட்டார். இல்லை, அதுதானே விசேஷம் என்றார் சென்னியப்பன்.

"மாத்தும்போது வாயாலயும் ஒரு சத்தம் குடுத்துருங்க மாஸ்டர்."

"வெளக்கு எரியும்போது வாய் எதுக்குங்க பாய்," என்று சென்னியப்பன் சிரித்தார்.

அபூதாகிர் சிக்னலைத் தன் பக்கத்துப் பாலமுனையில் கொண்டுபோய் நட்டார்.

பகல் பதினொரு மணிக்கு அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. சென்னியப்பன் தன் ரயிலைப் பாலத்தின்மேல் ஏற்றினார். ஸ்விட்சைத் தட்டினார். மறுமுனையில் சிக்னல் சிவப்பாயிற்று. அதைத் தன் கண்ணால் பார்த்தார். ஆறு பெட்டியும் ஒரே வீச்சாகப் பாலத்தில் நீண்டு நின்ற அழகைப் பக்கத்தில் இருந்தவர்கள் போன் வைத்துப் படம் எடுத்தார்கள்.

அப்போது சரக்கு ரயில் கிளம்பியது.

போன் பிடித்தவர்கள் பாலத்தை மறைக்க, அபூதாகிர் நேராக சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.  ஏதோ விளையாட்டு என்று சென்னியப்பன் ஒரு கணம் நினைத்தார். மறுகணம் பாலத்தின் நடுவில் இரண்டும் மோதின. செந்தூரப் பட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூன்று பெட்டிகள் பாலத்தை விட்டு நழுவித் தரையில் விழுந்தன. கூரை தனியாக, சக்கரம் தனியாக. அரிசி அளவுப் பயணிகள் மொசைக்கில் சிதறி யார் காலடியிலோ உருண்டார்கள்.

சத்தம் மிகச் சின்னதுதான். ஒரு டீ கிளாஸ் விழுந்தால் இதைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆனால் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"செவப்பு போட்டிருந்தனே பாய்," என்றார் சென்னியப்பன். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அபூதாகிர் இன்னும் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணுதானுங்க மாஸ்டர். பொறந்ததுலருந்து."

 சென்னியப்பனுக்கு உடைந்த பெட்டிகள் மறந்துபோயின. மூன்று வருடம், வாரா வாரம், பாசஞ்சர் ரயில், பலகை, ஆகலீங்க மாஸ்டர். எத்தனை பெட்டியைச் சுரண்டித் திரும்பப் பூசியிருப்பார். யார் சொல்லி?

"நெறமே தெரியாத ஆளா எனக்கு மூணு வருசமா நெறம் சொன்னீங்க?"

அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். 

அபூதாகிர் குனிந்து, சிதறிய பயணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செய்தி பரவியது. அவரிடம் பெட்டி கொண்டுபோய்க் காட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சேலத்துக்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்து வைத்திருந்த நாலு பெட்டியையும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாராம். சென்னியப்பனுக்கு யாரோ போன் செய்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவரால் சிரிக்க முடியவில்லை. சாய வாடையில் முப்பத்தாறு வருடம் இருந்தவருக்கு அன்று தன் வாய் கசந்தது.

இரண்டு மாதம் உட்கார்ந்து உடைந்த பெட்டிகளைச் சேர்த்தார். ஆறையும் சுரண்டி, ஆறையும் புதிதாகப் பூசினார். பழனாத்தாள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்றாள். மகள் போனில் பார்த்து, கடையில் வாங்கியதுபோல இருக்கிறது என்றாள். ஆனால் மோதலில் எரிந்துபோன மோட்டாரை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

மோட்டாருக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். ஆனால் ஆறு பெட்டிகளையும் பையில் வைத்துக்கொண்டார்.

அபூதாகிர் எப்போதும்போல் வாங்க மாஸ்டர் என்றார். மோட்டாரை வாங்கிக் கம்பி சுற்றினார். கை வேலையில் இருக்க, கேட்காமலே சொன்னார். இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினாராம். கண் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, இதில் என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்டாராம். இவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. எண் என்று ஒன்று அதில் இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தன் கண்ணைப் பற்றி அவருக்கே தெரிந்ததாம். வெளியே வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவர், எத்தனை ரயில் போயிற்று என்று எண்ணவில்லையாம்.

"அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல," என்றார் சென்னியப்பன்.

"நெறம் நல்லாருக்குது, நல்லால்லைன்னு நான் எப்பவாச்சும் சொன்னனுங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். இல்லை. ஆச்சு, ஆகலை. அவ்வளவுதான்.  ஆனாலும் உள்ளே ஒன்று அடங்கவில்லை. பையைத் திறந்து ஆறு பெட்டிகளையும் மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் புதுசா அடிச்சது. எப்பவும்போலச் சொல்லுங்க."

குரலில் இருந்த கூர்மை அவருக்கே கேட்டது. அபூதாகிரும் கேட்டிருப்பார். மோட்டாரை மாட்டி, பெட்டிகளைக் கோத்துப் பலகைமேல் ஏற்றினார். பிறகு, கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மா, வாசல்ல நில்லுங்க."

சென்னியப்பன் வாசலில் போய் நின்றார். உள்ளே ரயில் சுற்றுகிற மெல்லிய சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஏழு சுற்று. பிறகு நின்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க மாஸ்டர்," என்றார் அபூதாகிர். "உள்ள வாங்க."

அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது என்று நினைத்தபடி சென்னியப்பன் உள்ளே வந்தார். நெஞ்சில் ஒரு வெற்றியும், அந்த வெற்றி பிடிக்காத ஒரு வலியும் சேர்ந்து வந்தன. அபூதாகிர் மறுபடி ரயிலை ஓடவிட்டார். சென்னியப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். ரயில் இரண்டு சுற்று வந்தது.

அபூதாகிர் நிறுத்தினார். ஸ்டூலில் ஏறி, நான்காவது பெட்டியின் கூரைமேல் ஒரு விரலை வைத்தார்.

"இது ஆகலீங்க."

சென்னியப்பனின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. நான்காவது பெட்டிக்குப் பூசும்போது செந்தூரம் தீர்ந்துபோய், மறுபடி கலந்திருந்தார். மயிரிழை வித்தியாசம். அவருடைய கண்ணைத் தவிர உலகத்தில் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. பழனாத்தாளுக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லி, அதை நம்பியும் இருந்தார்.

சென்னியப்பன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"எப்படிங்க பாய்?"

அபூதாகிர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"நான் வண்டியப் பாக்கறதில்லீங்க மாஸ்டர். உங்களத்தான் பாப்பேன். அந்தப் பெட்டி வரும்போது மட்டும், நீங்க வேற பக்கம் பாக்கறீங்க."