கவுன்சிலரின் நேரலை

பதினேழாவது வார்டு கவுன்சிலர் தணிகாசலத்துக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் தையல்காரி ஜெயசீலி, "எங்கள் தெருவில் சாக்கடை வழிகிறது, எட்டிப் பார்க்க ஆளில்லை" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் வெண்மதியைக் கூப்பிட்டார். "அவ பொய் சொல்றான்னு எழுதும்மா. நல்லா திட்டி எழுது. ஊரே நம்பணும். நம்பலைன்னா நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே."

வெண்மதி தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறாள். ஆனாலும் பணிவாகச் சொன்னாள்: "எழுதினா யாருண்ணே நம்புவாங்க? நீங்களே அங்க நின்னு நேரலையில சொல்லுங்க. அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. சலவை வேட்டியோடு போய் இறங்கினார். வெண்மதி செல்போனை உயர்த்தினாள்.

"வாக்காளப் பெருமக்களே! இந்தத் தெருவில் சாக்கடை என்பதே..." என்று தொடங்கியவர், பேசிக்கொண்டே வேட்டியை முழங்காலுக்குத் தூக்கினார். இன்னொரு கையால் மூக்கைப் பொத்தினார்.

"தெளிவா கேட்கலண்ணே, மூக்கிலேர்ந்து கையை எடுங்க," என்றாள் வெண்மதி.

தெருவே சிரித்தது. ஜெயசீலி வாசலுக்கு வந்து, "பார்த்து வாங்கண்ணே, வழுக்கும்," என்று கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துத்தான் அவரால் படியேற முடிந்தது. அவளைத் திட்டச் சொன்னதை நினைத்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இந்தத் தங்கச்சி எழுதினது நிஜம். இன்னைக்கே அடைப்பை எடுக்கச் சொல்றேன்," என்று பேச்சை முடித்தார்.

சாயங்காலமே லாரி வந்து அடைப்பை எடுத்தது. கவுன்சிலர் வெண்மதியிடம் மெதுவாகச் சொன்னார்: "இனிமே எதையும் போடுறதுக்கு முன்னாடி, செல்போன் இல்லாம ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்மா."