நத்தமேட்டு ஆக்ஸிலின் பதினோராவது உதை

நத்தமேட்டில் நாலு பேருடைய மூளை இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது. வந்த நாளிலிருந்து யாரும் உறையைப் பிரிக்கவில்லை. அந்த நாலு பேர்தான் நத்தமேடு கார்ப் பந்தயக் குழு.

நாச்சிமுத்து கார்க்காரர். சென்னியப்பன் யோசிக்கிறவர். வெள்ளியங்கிரி அவர் யோசித்ததைச் சரி என்கிறவர். திருமூர்த்தி சந்தேகம் கேட்கிறவர். ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த இதற்கு மேல் ஆள் தேவையில்லை.

கார் பழைய வெள்ளைக் கார். பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் போகிற வகை. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போவது அதுதான். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக் கிடக்கிற நூல் மில்லுக்குப் பின்னால் உள்ள கால் மைல் நேர்ச் சாலையில் செங்காட்டூர்ச் சிவப்புக் காரோடு போட்டி போடுவதும் அதுதான். ரெண்டு காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கொடி விழும். முதலில் அந்தக் கோடியைத் தொட்டவன் கெலித்தான். அவ்வளவுதான் விதி.

போன வருஷம் கொடி விழுந்ததும் நாச்சிமுத்து ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, கிளட்சை ஒரே அடியாக விட்டார். எஞ்சின் கொடுத்த உதை பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுக்கு, அதாவது பின் ஆக்ஸிலுக்குப் போனது. 'டக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸில் ரெண்டு துண்டு. செங்காட்டூர்க் கார் கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "போலாங்களா?" என்று கேட்டது.

அன்றைக்குப் பின் சீட்டில் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. நாச்சிமுத்துவின் மனைவி சிவகாமி சந்தையில் வாங்கியவை. பன்னிரண்டையும் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து நாலு கிலோமீட்டர் நடந்து வந்த சிவகாமி, வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அடுத்த போட்டியிலயும் அச்சு முறிஞ்சுதுன்னா, காரு கோழிகளுக்குங்க."

சிவகாமி சொன்னால் சொன்னதுதான். வானொலியைத் தூக்கிக் கிணற்றில் போடுவேன் என்று ஒரு தடவை சொன்னாள். நத்தமேட்டுக் கிணற்றில் இன்றைக்கும் ஒரு வானொலி இருக்கிறது. ஆகவே கெலிப்பதா தோற்பதா என்பதெல்லாம் நாச்சிமுத்துவுக்கு அப்புறம். ஆக்ஸில் முறியக் கூடாது. காரைக் காப்பாற்ற வேண்டும்.

நாலு பேரும் பொள்ளாச்சியில் ஜெயமணி அக்காவின் பட்டறைக்குப் போனார்கள். ஜெயமணி அக்கா இருபது வருஷமாக ஆக்ஸில் மாற்றுகிறவர். தரையில் மூன்று ஆக்ஸில்களை எடுத்துப் போட்டார். ஒன்று, பள்ளத்தில் உருண்ட லாரியிலிருந்து வந்தது. மற்ற ரெண்டும் ஜீப்பினுடையவை. அவை ரெண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே தடிமன், வெள்ளைக் காருக்கு அகலமும் சரியாகப் பொருந்தும் என்றார்.

திருமூர்த்தி லாரி ஆக்ஸிலைக் காட்டி, அது எப்படி என்று கேட்டார். லாரி அப்பளமாக நொறுங்கிப்போச்சு, ஆக்ஸிலுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை என்றார் அக்கா.

குழு அந்த ஆக்ஸிலைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தது.

"அப்பிடீன்னா இதான் கெட்டி," என்றார் வெள்ளியங்கிரி.

சென்னியப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அவசரப்படாத மாப்ள. கூட இருந்த அத்தனையும் போயிருக்குது. இது மட்டும் தப்பிச்சு வந்து இங்க படுத்திருக்குது. இதை நம்ம காருக்குள்ள விடலாமா?"

 நாலு பேரும் எழுந்து, லாரி ஆக்ஸிலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு ஜீப் ஆக்ஸிலிடம் வந்தார்கள்.

ஜெயமணி அக்கா பொறுமைசாலி. ரெண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றை மாட்டி, இன்னொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டிக்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். "எத்தனை உதை தாங்குதுன்னு நீங்களே பாத்துக்கிட்டாத்தான் தைரியமா மிதிக்க முடியும்," என்றார்.

இந்த வாக்கியத்தில் ஏதாவது குறை இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. நத்தமேட்டாருக்கும் தெரியவில்லை. அதனால் அப்படியே செய்தார்கள்.

முதல் ஆக்ஸிலை மாட்டி, வீட்டை ஒட்டிய களத்துமேட்டில் காரை நிறுத்தி, நாச்சிமுத்து மிதித்தார். கார் பாய்ந்தது. ஆக்ஸில் தாங்கியது. வெள்ளியங்கிரி வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். ரெண்டாவது உதை, தாங்கியது. மூன்றாவது, தாங்கியது. ஐந்தாவதில் திருமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது: போதாதா?

"எத்தனை தாங்குதுன்னு பாக்கச் சொன்னாங்க," என்றார் சென்னியப்பன். "அஞ்சு தாங்குதான்னு பாக்கச் சொல்லலை."

பதினோராவது உதையில் 'டக்' என்றது. நல்லவேளை, சிவகாமி அப்போது வீட்டில் இல்லை. நாலு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எண்ணிக்கை தெரிந்துவிட்டது: பத்துத் தாங்கும், பதினொன்றில் முறியும்.

ரெண்டாவது ஆக்ஸிலை மாட்டினார்கள். இதுவும் அதே மாதிரிதானே என்றார் நாச்சிமுத்து. அதே மாதிரி என்று அக்கா சொன்னார், நாம் பார்க்கவில்லையே என்றார் திருமூர்த்தி. நியாயமான கேள்வி. விஞ்ஞானமே அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. களத்துமேட்டில் மறுபடி கார் பாய்ந்தது. சுவரில் மறுபடி கோடு. பத்து உதை. பத்தையும் தாங்கியது.

"பாத்தியா, சொன்ன மாதிரியே பத்து," என்று வெள்ளியங்கிரி கரித்துண்டைக் கீழே போட்டார்.

 நாச்சிமுத்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கோடு. நாளைக்குப் போட்டி. நாளைக்கு மிதிப்பது பதினோராவது.

வேலிக்கு அந்தப் பக்கம் சிவகாமி, கோழிக்கூடு செய்ய வைத்திருந்த கம்பி வலையை விரித்து அளந்துகொண்டிருந்தாள். கார்க் கதவின் அளவுக்கு.

குழு காருக்குள்ளேயே கூடியது. திருமூர்த்தி முதலில் பேசினார். முறிந்துபோன பழைய ஆக்ஸிலையே மாட்டிவிட்டால் என்ன? முறிந்தது இனி எப்படி முறியும்?

"யோசிக்க வேண்டிய விசயந்தான்," என்றார் சென்னியப்பன். "ஆனா இப்ப அது ரெண்டு துண்டா இருக்குது. ஒரு துண்டு முறியலாம், இன்னொரு துண்டும் முறியலாம். ஒரு பயத்துக்கு ரெண்டு பயமாயிருமே."

வெள்ளியங்கிரி, பதினோராவது உதையை இப்போதே வீட்டில் முடித்துவிட்டு, பன்னிரண்டாவதைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார். இது எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் 'டக்' என்ற சத்தம் சிவகாமிக்குக் கேட்டுவிடும் என்று நாச்சிமுத்து அழாத குறையாகச் சொன்னார். கைவிட்டார்கள்.

கடைசியில் சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தார். "ஆக்ஸில் எப்ப முறியுது? காருக்குள்ள இருக்கறப்ப. இத்தனை வருசத்துல காருக்கு வெளிய முறிஞ்ச ஒரு ஆக்ஸிலைக் காட்டுங்க பாக்கலாம்."

யாராலும் காட்ட முடியவில்லை. உங்களாலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக் கார் டிராக்டர் டிரெய்லரில் ஏறி மில்லுக்குப் பின்னால் வந்து இறங்கியது. பின்பக்கம் சக்கரம் இல்லை. அந்தப் பக்கம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆக்ஸில் கம்பளியில் சுற்றி நாச்சிமுத்துவின் மடியில் வந்தது.

செங்காட்டூர்க்காரர்கள் சிவப்புக் காரில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஏனுங்ணா, இந்த வருசம் எத்தனை துண்டுங்க?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணேதான்," என்றார் நாச்சிமுத்து கம்பீரமாக.

கூட்டத்தின் முன்வரிசையில் சிவகாமி இடுப்பில் கை வைத்து நின்றாள். கம்பி வலையைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

கொடி விழுந்தது. சிவப்புக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. நத்தமேட்டார் நாலு பேரும் கம்பளியை உருவி, ஆக்ஸிலைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர். ஓடினார்கள்.

பாதித் தூரத்தில் வெள்ளியங்கிரியின் வேட்டி அவிழ்ந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் ஆக்ஸில் விழும். கால்சட்டையோடு ஓடினார். முக்கால் தூரத்தில் தோள் மாற்றலாமா என்று திருமூர்த்தி சந்தேகம் கேட்டார்.  முதலில் சிரித்த கூட்டம், அப்புறம் என்ன நினைத்ததோ, கை தட்ட ஆரம்பித்துவிட்டது. ஐந்து நிமிஷம் ஆனது. ஆக்ஸில் கோடியைத் தொட்டது.

கோடியில் கடிகாரத்தோடு நின்றவர் அதை நிறுத்த மறந்துபோய், கார் எங்கே என்று கேட்டார்.

"காரைப் பத்திக் கவலை இல்லீங்க," என்று மூச்சு வாங்கினார் நாச்சிமுத்து. "அது எந்த வருசமும் முறிஞ்சதில்லை. முறியறது இதுதான். அதான் பத்திரமாக் கூட்டிட்டு வந்துட்டோம்."

சிவகாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆக்ஸிலை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கையால் தடவிப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது.

"முறியல," என்றாள். கம்பி வலையைக் கீழே போட்டாள். "காரு உங்களுக்கேங்க."

நாச்சிமுத்து அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்காட்டூர் கெலித்தது என்று யாரோ அறிவித்தார்கள். நத்தமேட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கார் வீட்டுக்கு வந்து அதே செங்கல்லின் மேல் உட்கார்ந்தது. ஆக்ஸிலைக் கட்டிலில், தலையணை வைத்துப் படுக்க வைத்தார்கள். கார் ஆடாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, கதவு வழியாகப் பன்னிரண்டு கோழிகளும் தாங்களாகவே உள்ளே போய்க் குடியேறின. சிவகாமி காரைக் கோழிகளுக்குக் கொடுக்கவில்லை. கோழிகள் எடுத்துக்கொண்டன. சொன்ன சொல் அப்படியே நின்றது.

அடுத்த வாரம் ஜெயமணி அக்கா விஷயம் கேள்விப்பட்டு நேரில் வந்தார். கட்டிலில் கிடக்கும் ஆக்ஸிலைப் பார்த்தார். முதல் ஆக்ஸில் பதினொன்றில் முறிந்தால் ரெண்டாவதும் பதினொன்றில்தான் முறியும் என்று எந்தச் சட்டமும் இல்லை, உதை வாங்க வாங்க இரும்பு தளரும், சும்மா இருந்த ஆக்ஸிலை நீங்களேதான் பத்து முறை உதைத்துத் தளர்த்தியிருக்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"சாமீ, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்," என்றார் கடைசியில். "அந்தப் பதினொண்ணை மட்டும் மறந்து தொலைங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிதான வழியை இந்த அம்மா ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

அன்றே மறந்தார்கள். சுவரில் பத்துக் கோட்டுக்குப் பக்கத்தில், அடுத்தது பன்னிரண்டு என்று எழுதி வைத்தார்கள். பன்னிரண்டாவது உதையில் நத்தமேட்டில் இதுவரை ஒரு ஆக்ஸிலும் முறிந்ததில்லை. அடுத்த வருஷம் தைரியமாக மிதிக்கலாம்.

அவ்வளவு தூரம் வந்த அக்காவை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாமல், சிவகாமி ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அக்கா சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் நாச்சிமுத்து காருக்குள் தலையை நுழைத்துக் கோழிகளை எண்ணினார்.

"எட்டு, ஒம்பது, பத்து, பன்னெண்டு," என்று கதவைச் சாத்தினார். "எல்லாம் இருக்குது சிவகாமி. அப்ப அந்தக் குழம்பு எங்கிருந்து வந்துது?"