முப்பது கண்மட்டம்

மலைகளை யாரும் எண்ணிப் பார்த்திராத அந்தக் காலத்தில், ஆடும் முயலும் காற்றும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, பெருமலையைச் சுற்றிக் குட்டி போட்டது போலக் கரடுகள் கிடந்தன. கரடு என்றால் சின்ன மலை. மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மேகம் பற்றாமல் போகும்வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மேகங்களை ஓட்டிக்கொண்டு வருகிறவள் கொண்டல் என்கிற கீழைக்காற்று. ஐப்பசி பிறந்ததும் மலைக்கு ஒரு மேகம் என்று கடலிலிருந்து பத்திக்கொண்டு வருவாள். மலைக்கு ஒன்று, சரி. எது மலை என்பதில்தான் வம்பு.

முதலில் கழுகைக் கேட்டாள். கழுகு வானத்தில் நாலு வட்டம் போட்டுவிட்டு வந்து, "மேலேருந்து பாத்தா எல்லாம் தட்டையாத்தான் கெடக்கு. பெருமலை மட்டும் லேசாத் தெரியுது. ஒண்ணுன்னு வச்சுக்க" என்றது. அந்த வருஷம் ஒரே ஒரு மேகம் வந்தது.

அடுத்த வருஷம் கொம்பன் என்கிற வெள்ளாட்டுக் கிடாவைக் கேட்டாள். "நான் ஏறி நின்னதெல்லாம் மலைதான்" என்று அவன் முந்நூற்றுப் பன்னிரண்டு சொன்னான். அதில் பாறைகள் இருந்தன, புற்றுகள் இருந்தன, படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு யானையும் இருந்தது. மேகங்கள் புற்றுகளின் மேல் கொட்டின. யானைக்கு வந்த மேகம் யானையைக் காணாமல் ஐந்து நாள் அலைந்தது. இந்தக் கூத்தில் பாதிக் கரடுகள் நனையவே இல்லை.

"ஒழுங்கான பட்டியல் ஒண்ணு குடுங்க. இல்லேன்னா நான் கடலோடயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கொண்டல் போய்விட்டாள்.

செங்கரட்டில் மயிலை என்றொரு செம்மறி இருந்தாள். எதையும் கேட்டுத் துளைக்கிறவள். செங்கரட்டில் இரண்டு வருஷமாகச் சொட்டு மழை இல்லை. புல் கருகி, பால் வற்றி, போன கோடையில் அவள் அண்ணன் மனைவி செவலையின் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. அதனால் இந்தக் கேள்வி மயிலைக்கு வெறும் கேள்வியாக இல்லை.

"மதினி, எதை மலைன்னு சொல்றது?"

"உசரமா இருந்தா மலை. இதுல என்னடி ஆராய்ச்சி?"

"பெருமலை முதுகுல ஒரு புடைப்பு இருக்கே, அது நம்ம கரட்டைவிட உசரம். அது மலையா?"

செவலை அசைபோடுவதை நிறுத்தினாள். "அது பெருமலையோட கூனுல்ல?"

"அதான் கேக்கறேன். கூனுக்கும் மலைக்கும் என்ன வித்தியாசம்?"

ஒன்பது நாள் யோசித்து மயிலையே விடையையும் கண்டுபிடித்தாள். ஒரு கரட்டின் உச்சியிலிருந்து அதைவிடப் பெரிய மலைக்கு நடந்து போகவேண்டும். எந்த வழியாகப் போனாலும் கொஞ்சமாவது இறங்கித்தான் ஏறவேண்டியிருக்கும். இருக்கிற வழிகளில் குறைவாக இறங்குகிற வழி எதுவோ, அந்த இறக்கம்தான் கணக்கு. அது சின்னதாக இருந்தால் கரடு அடுத்தவன் தோள். பெரிதாக இருந்தால் தன் காலில் நிற்கிற மலை.

அளப்பதற்கும் வழி செய்தாள். பள்ளத்தில் நின்று, தலையைத் தூக்காமல் தாழ்த்தாமல் நேர் எதிரே பார்க்கவேண்டும். பார்வை சரிவில் எந்த இடத்தில் போய் முட்டுகிறதோ அங்கே நடந்து போய் நிற்கவேண்டும். அது ஒரு கண்மட்டம். அங்கிருந்து மறுபடி நேரே பார்த்தால் இரண்டு. இப்படி உச்சிவரை முப்பது வந்தால் மலை. ஒன்று குறைந்தாலும் இல்லை.

ஆடி முழுக்க, ஆவணி முழுக்க மயிலையும் செவலையும் அளந்தார்கள். ஒருத்தி பார்ப்பாள், மற்றவள் எண்ணுவாள்.

"பதினேழு. ஏய், முட்டியை மடக்காதடி, கணக்கு கூடும்."

"கால் வலிக்குது மதினி."

"வலிச்சா நின்னுக்க. மடக்காத."

கொம்பன் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டே கேலி பேசினான். "என்ன நாத்தனாரும் மதினியும் மலையை முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அது பயந்துடப் போகுது!"

கடைசியாகச் சொந்தக் கரட்டை அளந்தார்கள். பெருமலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஓடைப் பள்ளத்தில் சேற்றில் நின்று தொடங்கி, உச்சியில் முடிந்தபோது முப்பத்து மூன்று. செவலை அங்கேயே துள்ளினாள். மந்தை மொத்தமும் மேலே ஓடி வந்தது. பட்டியலில் நாற்பத்தொரு மலைகள், நாற்பத்தொன்றாவது செங்கரடு.

கொண்டல் வருவதற்கு முதல் நாள் நடுப்பகலில் ஒரு முயல் வந்தது. பெருமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊமைக்கரட்டு முயல். அந்தக் கரடு இருபத்தெட்டில் நின்று பட்டியலில் சேராமல் போயிருந்தது.

"அக்கா, ரெண்டே ரெண்டுதான் குறையுது. நீங்க முப்பதுன்னு சொன்னா யாரு வந்து அளக்கப்போறா?"

"நான்தான் அளந்தேனே. இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டுதான்."

"எங்க கரட்டுலயும் புல்லு இல்லைக்கா."

"தெரியும்." மயிலையால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து அதன் கால்களைப் பார்த்தாள். நாலு காலும் உலர்ந்து, வெள்ளையாக இருந்தன. "ஆமா, ஓடையைத் தாண்டித்தானே வந்தே? சேறே ஒட்டலையே?"

"ஓடைக்கு எதுக்குக்கா இறங்கணும்? பெருமலைச் சரிவுலேருந்து நேரா ஒரு பாறை முதுகு வருதே, முள்ளுக்குள்ள. நாங்க எப்பவும் அதுலதான் வருவோம்" என்று சொல்லிவிட்டு முயல் துவண்டு போய்த் திரும்பிப் போனது.

மயிலை நின்ற இடத்திலேயே நின்றாள். கரட்டின் மேற்கே கிளுவையும் கள்ளியும் அடர்ந்த முட்புதர் உண்டு. உள்ளே நுழைந்தால் உடம்பு மயிர் மாட்டிக்கொள்ளும் என்று எந்தச் செம்மறியும் அந்தப் பக்கம் போவதில்லை. அதற்குப் பின்னால் வழி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போய் நுழைந்தாள். விலாவில் கொத்துக் கொத்தாக மயிர் பிய்ந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது, முயல் சொன்னபடியே ஒரு பாறை முதுகு பெருமலைவரை போயிற்று. அதன் தாழ்ந்த இடத்தில் நின்று நேரே பார்த்தாள். ஒன்று. நடந்தாள். இரண்டு. உச்சிக்கு வந்தபோது இருபத்தாறு. முட்டி மடங்கிவிட்டதோ என்று மறுபடி இறங்கி அளந்தாள். இருபத்தாறுதான்.

மறுநாள் காலையில் பெருமலை உச்சியில் எல்லோரும் கூடினார்கள். கொண்டல் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கீழ்வானம் கறுத்திருந்தது.

"சொல்லும்மா."

மயிலை ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். நாற்பதாவது பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"நம்மளை விட்டுட்டியேடி!" என்றாள் செவலை சிரித்துக்கொண்டே. "பதட்டத்துல மறந்துட்டா."

"மறக்கலை மதினி. முள்ளுக்குப் பின்னால ஒரு வழி இருக்கு. அது வழியாப் போனா இருபத்தாறுதான் வருது. நம்ம கரடு பெருமலையோட தோளு."

செவலையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்த வழி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் கொண்டல்.

"முயலுக்குத் தெரியும்க்கா. அதனால என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாது."

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் மேகத்தை விட்டுட்டுப் போயிருப்பேனே."

"நேத்து அந்த முயலை இருபத்தெட்டுன்னு திருப்பி அனுப்பினேன்க்கா. இன்னைக்கு இருபத்தாறுக்கு எப்படி மேகம் வாங்குவேன்?"

கொண்டல் கொஞ்ச நேரம் அவளைச் சுற்றியே வீசிக்கொண்டிருந்தாள். பிய்ந்துபோன விலா மயிரை ஒருமுறை தடவினாள். பிறகு கடல் பக்கம் திரும்பி, "நாற்பது" என்று குரல் கொடுத்தாள்.

நாற்பது மலைகளில் மழை பெய்தது. செங்கரட்டு மந்தை காய்ந்த பாறைமேல் நின்று நாலு பக்கமும் அதைப் பார்த்தது. அங்கே இனி மேய ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மந்தை கரட்டைவிட்டு இறங்கியது. மயிலை கடைசியில் வந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடையைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, பச்சை பிடித்திருந்த ஒரு வேற்று மலையின் அடிவாரத்துக்கு வந்தார்கள். பசியில் எல்லோரும் புல்லில் வாய் வைத்தார்கள். செவலை மட்டும் வைக்கவில்லை. காலை ஊன்றி, தலையை நேராக வைத்து, சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

பிறகு, யாரிடமும் சொல்லாதது போல, "ஒண்ணு" என்றாள்.

மயிலை பின்னாலிருந்து ஓடிவந்து, அந்தப் பார்வை முட்டிய இடத்தில் போய் நின்றாள்.

"முட்டியை மடக்காத" என்றாள் செவலை.

"மடக்கலை மதினி. ரெண்டு."

அன்றிலிருந்துதான் செம்மறிகளுக்கென்று சொந்த மலை எதுவும் இல்லை. மேய்ச்சலைத் தேடி மலைக்கு மலை போய்க்கொண்டிருக்கின்றன. போகிற மலையில் எல்லாம் நாலடி ஏறியதும் நின்று, இமைக்காமல் நேர் எதிரே வெறித்துப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.