பதினோரு தம்ளர் தண்ணீர்

முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் சுப்புக்காளைக்கு அறுபத்து நான்கு வயது. பஞ்சாலைச் சங்கத்தில் கோஷம் போட்டே குரல் உடைந்தவர். இல்லத்தை ஏற்றுக்கொண்ட வாரம், அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் ஆயாவாக இருந்த சின்னத்தாயிடம் போய், சுத்தம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்கும்படி கேட்டார். படுக்கை விரிப்பது முதல் புண் துடைப்பது வரை அவரிடம்தான் கற்றார். எந்த முதலாளிக்கும் எழுந்து நிற்காதவர், சின்னத்தாயின் முன்னால் மட்டும் உட்கார மாட்டார்.

அன்று பதினொரு மணிக்கு ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கே சுப்புக்காளை தன் ஆசானை அழைத்து வந்துவிட்டார்.

"இன்னும் என்ன குறைன்னு சொல்லுங்கக்கா."

சின்னத்தாய் உள்ளே போனார். பெண்கள் கூடத்தின் ஜன்னல் கம்பியை விரலால் தடவினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தூசி இல்லை. தரையில் முகம் தெரிந்தது. சுப்புக்காளை மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு சின்னத்தாய் கட்டில்களின் ஓரமாகவே நடந்தார். பதினோரு கட்டில்கள். பக்கத்தில் பதினோரு தம்ளர்கள். எல்லாம் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

கடைசிக் கட்டில் இருளாயியுடையது. நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் போன மாதம்தான் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்து வந்தவள். உதடு வெடித்திருந்தது. சின்னத்தாய் அவளிடம் தம்ளரை நீட்டினார்.

"ஆபீசர் வந்துட்டுப் போகட்டும் தாயி. பெறகு குடிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் கூடத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி சுப்புக்காளையின் இடுப்பில் இருந்தது.

நேற்று மாலை கழுவிப் பூட்டியதாக அவர் விளக்கினார். திறந்துவிட்டால் ஈரமாகும், நாறும், யாராவது வழுக்கி விழுவார்கள். கேட்டால் படுக்கைக்கே பாத்திரம் வரும். இன்று ஒரு நாள்தானே.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.

"போன தடவையும் ஒருநாள்னுதான் சொன்னாரு. ஆபீசர் வர மூணு நாளாச்சு. பாத்திரம் ஒண்ணு, நாங்க பதினோரு பேரு. சீட்டுக் குலுக்கியா போடுறது?"

சின்னத்தாய் சுப்புக்காளை பக்கம் திரும்பினார்.

"நீ மொத மொதல்ல போட்ட நோட்டீஸ் எதைப் பத்தி?"

பதிலை இருளாயிதான் சொன்னாள். அவளும் அதே பஞ்சாலையில் நூல் சுற்றியவள். வேலை நேரத்தில் பெண்களின் கழிப்பறையை முதலாளி பூட்டிவைப்பார். விடிந்ததிலிருந்து ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். சுப்புக்காளை அதை எழுதி அச்சடித்து வாசலில் நின்று கொடுத்தார். அதற்காகவே வேலையும் போயிற்று.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அவருதான் வாசிச்சுக் காட்டினாரு. 'தண்ணி குடிக்கப் பயப்படும் பெண்கள்'னு தலைப்பு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இடுப்புச் சாவியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். சின்னத்தாயிடம் கேட்டார்.

"நான் எப்பக்கா அந்த ஆளா மாறினேன்?"

சின்னத்தாய் இருளாயியின் தோளைப் பிடித்துக் கட்டிலிலிருந்து மெல்ல இறக்கினார்.

"அதைப் பெறகு உக்காந்து யோசி. இப்பக் கதவைத் திற. ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டிருக்காங்க."