தண்ணி லாரியும் ஒரு கிரைண்டரும்

ஒரு கிரைண்டருக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? கல் ஒருவருக்கு, டிரம் ஒருவருக்கு, மோட்டார் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கலாம். நீதி கிடைக்கும், மாவு கிடைக்காது.

கோயம்புத்தூரில் ஒரு லினக்ஸ் கணினிச் சங்கம் இருந்தது. கிரைண்டர் பட்டறை முதலாளி வரதராஜுலு அதன் தலைவர். சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒற்றைப் பலகைக் கணினியில் ஒரு விளையாட்டை யாரும் நிறுவி ஆடும்படி கொண்டு வருபவருக்குத் தம் பட்டறை கிரைண்டர் ஒன்றைப் பரிசாக அறிவித்தார். விதியையும் அவரே சொன்னார்: "புதுப் பலகை, புது மெமரி கார்டு. ஓடறப்ப யாரும் பக்கத்துல நின்னு கை வெக்கக் கூடாது."

கோகிலவாணிக்கு அந்தக் கிரைண்டர் வேண்டும். மாவு அரைக்க அல்ல. வீட்டில் ஏற்கெனவே ஒன்று கடகடத்துக்கொண்டிருக்கிறது. அவள் மாமியார் சம்பூர்ணத்தம்மாள் ஓயாமல் ஒன்றையே கேட்பார்: "ஏனம்மணி, நாளெல்லாம் அந்தப் பொட்டியத் தட்டறயே, தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணாச்சும் வந்துச்சா?" தொட்டுப் பார்க்கிற மாதிரி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற மாதிரி ஒன்றை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

விளையாட்டின் பெயர் 'தண்ணி லாரி'. சந்து பொந்தில் லாரி ஓட்டி, குடத்தோடு துரத்துபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வழியில் சிந்தக் கூடாது. எழுதியவர் திண்டுக்கல் பிலவேந்திரன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்த மூலமாக வெளியிட்டிருந்தார். ஆனால் அவர் எழுதியது பெரிய கணினிக்கு. பலகையில் லாரி தேரைப் போல நகர்ந்தது. கோகிலவாணி படங்களைச் சுருக்கி, நிரலைச் செதுக்கி, பலகைக்கு ஏற்ற பொதியாகக் கட்டினாள்.

பொதி கட்டுவது கட்டுச்சோறு கட்டுவது மாதிரிதான், ஒரு வேறுபாட்டோடு. 'இது ஓட இன்னின்ன வேண்டும்' என்று பொதியில் எழுத வேண்டும். பலகை அதைப் படித்து, தன்னிடம் இல்லாததை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். எழுதாமல் விட்டதை ஊகித்து இறக்குகிற சமர்த்து அதற்குக் கிடையாது.

அவள் சோதித்துப் பார்த்த பலகை வீட்டு டி.வி.யோடு இணைந்திருந்தது. சம்பூர்ணத்தம்மாள் பக்திப் பாட்டு கேட்பதற்காக அதில் ஒரு ரேடியோ செயலியை நிறுவியிருந்தார். திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தியே நிறுவியிருந்தார். பலகையைப் போட்டால் முதலில் முருகன் பாட்டுதான் வரும். கோகிலவாணி அதை நீக்கப் பார்த்தாள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. செயலியை விட்டுவைத்தாள்.

காந்திபுரத்தில் பலகை விற்கும் மீரான், தம்மிடம் வாங்கும் பள்ளிகளுக்கெல்லாம் விளையாட்டையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அவளும் அவசரத்தில் தன் கார்டையே கொடுத்து, விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பிரித்துப் பார்க்க மீரானுக்கு ஏது நேரம்? கார்டை முழுதாக அப்படியே நகல் எடுத்துவிட்டார். பள்ளிகளில் பலகையைப் போட்டதும் முருகன் பாட்டு ஒலித்தது. அவள் வீட்டுப் பலகையில் முகப்புப் படமாக வைத்திருந்த, தாய்மாமன் மடியில் காது குத்தக் கதறும் கோகிலவாணியின் மகன் திரையில் தோன்றினான். பிறகே லாரி வந்தது. அந்தப் பையனின் தாகத்துக்குத்தான் தண்ணீர் போகிறது என்று பிள்ளைகள் நம்பினார்கள்.

விழாவில் சோதனை நடந்தது. பிலவேந்திரனும் மீரானும்கூடப் பரிசு கேட்டு வந்திருந்தார்கள். பிலவேந்திரனின் மூல விளையாட்டு தனக்கு வேண்டியதையெல்லாம் இறக்கிக்கொண்டு வழக்கம்போலத் தேராக நகர்ந்தது. கோகிலவாணியின் பொதியை நிறுவினார்கள். திரை கறுத்து அப்படியே நின்றது. மீரானின் கார்டைச் செருகினார்கள். பாட்டு, கதறல், லாரி எல்லாம் முறைப்படி வந்தன.

"நான் எழுதலைன்னா இவுக எதை ஓட்டுவாக, அம்மியவா?" என்றார் பிலவேந்திரன்.

"ஓடுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மீரான்.

முன் வரிசையில் சம்பூர்ணத்தம்மாள் பூரித்துப்போய், "இது நம்மூட்டு ரேடியோ அல்லோ!" என்றார். அந்த நொடியில் கோகிலவாணிக்கு விளங்கிவிட்டது. லாரியின் ஹாரனுக்கு ஓர் ஒலி நூலகம், அதாவது ஒலியெழுப்பும் துணை நிரல், வேண்டும். ரேடியோ வந்தபோது அதுவும் கூடவே வந்து அவள் பலகையில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அதைப் பொதியில் எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை.

வரதராஜுலு இரக்கத்தோடு, "சார்ஜர் சரியில்லீங்களா அம்மணி?" என்று கேட்டார். பலகைக்காரர்கள் உலகில் எல்லாப் பிழைக்கும் சார்ஜர்தான் காரணம்; தலையை ஆட்டியிருந்தால் சபையே நம்பியிருக்கும்.

"சார்ஜர் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரு வரி நான் எழுதாம விட்டுட்டேன்" என்றாள் கோகிலவாணி. நடந்ததைச் சொன்னாள். அந்த வரியைச் சேர்த்துப் பொதியை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். இன்னொரு புதுக் கார்டில் வரதராஜுலு நிறுவினார். பலகை விடுபட்டதை இறக்கிக்கொண்டது. லாரி கிளம்பியது, பாட்டும் இல்லை, பையனும் இல்லை.

ஒரு முறை தோற்றது தோற்றதுதான் என்றார் மீரான். அதற்குள் சம்பூர்ணத்தம்மாள் எழுந்தார்: "அப்ப, இத்தன நாளா ஓடுனது என்னாலதான?"

மூவர் நால்வரானார்கள். வாசகரே, கிரைண்டர் யாருக்கு?

விடை: தெரியாமல் செய்த உதவிக்குப் பரிசு என்றால் மீரானை முந்துபவர் சம்பூர்ணத்தம்மாள். தெரிந்து செய்ததற்கு என்றால் இருவருக்குமே இல்லை. தவிர, மீரானுடையது புதுக் கார்டே அல்ல. கோகிலவாணியின் வீட்டையே தூக்கி வைத்த கார்டு. பிலவேந்திரன் படைத்தவர், அதை யாரும் மறுக்கவில்லை. பரிசோ பலகைக்குக் கொண்டு வந்ததற்கு. யாரும் கொண்டுபோகலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. விதி தடுத்தது ஓடும்போது கை வைப்பதைத்தான், பொதியைத் திருத்துவதை அல்ல. என்னென்ன வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்வதே பொதி கட்டுபவரின் வேலை. சார்ஜர் மேல் பழி போடாதபோதுதான் கோகிலவாணி அந்த வேலையை முடித்தாள். கிரைண்டர் அவளுக்கே. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் சம்பூர்ணத்தம்மாள். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலில், "கனமாத்தான் இருக்குது அம்மணி" என்றார்.